ஒண்ணு, அஞ்சு, மூணு, ஆறு, ரெண்டு, நாலு

நாமக்கல்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, சாயங்காலம் கோயில் வரை நடந்து போய் வருகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்திரேலியாவில் உன் காரின் இழுவையைக் கூட்ட எதை மாட்டலாம் என்று பேசும்போது நீ டர்போ என்றாய். மாப்பிள்ளை பின்னாலிருந்து சூப்பர்சார்ஜர் என்றார். இரண்டும் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிறவைதான்; டர்போவை எஞ்சின் புகை சுற்றும், சூப்பர்சார்ஜரை பெல்ட் சுற்றும். போனில் பேசி முடிகிற விஷயம் இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்தே படியுங்கள்.

மாப்பிள்ளை சொன்னதில் தப்பில்லை. கூட வேலை செய்கிறவரின் ஹோல்டன் கமடோரில் போய் வந்த பிறகுதான் அவருக்கு அந்த ஆசை வந்தது என்றாய். அது 3.8 லிட்டர் வி-6, 171 கிலோவாட். அந்த எஞ்சினுக்கு சூப்பர்சார்ஜர் பொருத்தமான ஜோடி. இந்தப் பக்கம் மூன்று சிலிண்டர், அந்தப் பக்கம் மூன்று, நடுவில் பள்ளம். சூப்பர்சார்ஜர் அந்தப் பள்ளத்துக்கு மேலேயே உட்கார்ந்துகொள்ளும். எஞ்சினின் கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் சுற்றுவதால் ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்ததும் காற்று தயாராக இருக்கும், காத்திருக்க வேண்டியதில்லை. அதன் கியருக்குத் தனி ஆயில், எஞ்சின் ஆயிலை எதிர்பார்க்காது. பெல்ட் சுற்றுவதற்கு எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கு போகும், காற்றும் கொஞ்சம் சூடாகும். அவ்வளவுதான் குறை.

ஆனால் உன்னிடம் இருப்பது ஃபோர்டு ஃபால்கன். நாலு லிட்டர், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசை. நம் பட்டறையில் டாடா 697 எஞ்சின் ஸ்டாண்டில் நிற்குமே, அதே மாதிரி. வாசலில் பாண்டி ஆடும்போது கட்டத்துக்குக் கட்டம் தாவிக்கொண்டு "ஒண்ணு, அஞ்சு, மூணு, ஆறு, ரெண்டு, நாலு" என்று நீ சொல்வாய். வால்வு அட்ஜஸ்ட் செய்கிற பையன்கள் சொல்வதைக் கேட்டு நீயாகவே பிடித்துக்கொண்டது அது. உன் ஃபால்கனும் அதே வரிசையில்தான் வெடிக்கிறது.

அந்த வரிசையை இப்போது இன்னொரு முறை சொல்லிப் பார். முன்னால் இருக்கிற மூன்றில் ஒன்று, பின்னால் இருக்கிற மூன்றில் ஒன்று, மறுபடி முன், மறுபடி பின். கிராங்க் 120 டிகிரி திரும்பும்போதெல்லாம் ஒரு வெடி. முன் மூன்றையும் பின் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் 240 டிகிரிக்கு ஒன்று. ஒரு சிலிண்டர் தள்ளுகிற புகை பக்கத்துச் சிலிண்டரை இடைஞ்சல் செய்யாமல் ஒழுங்காக டர்போ சக்கரத்தில் வந்து மோதும். எக்ஸாஸ்ட் முழுக்க ஒரே பக்கம் என்பதால் ஒரு மேனிஃபோல்டு, ஒரு டர்போ போதும். காற்று உள்ளே போகிற வழி எதிர்ப்பக்கம், அந்தச் சூட்டிலிருந்து தள்ளி. டர்போவுக்கு இதைவிட வசதியான எஞ்சினை நான் பார்த்ததில்லை.

இதே எஞ்சினில் சூப்பர்சார்ஜர் வைக்க உட்காரப் பள்ளம் கிடையாது. முன்பக்கம் பிராக்கெட் அடித்து, டர்போவின் காற்றுச் சக்கரம் மாதிரி இருக்கிற சென்ட்ரிஃப்யூகல் வகையைத்தான் பெரும்பாலும் மாட்டுவார்கள். அது சுற்று ஏற ஏறத்தான் காற்றைத் தள்ளும். மாப்பிள்ளைக்குப் பிடித்ததே சிக்னலிலிருந்து எடுத்ததும் வருகிற இழுவை. அது இதில் கிடைக்காது. உங்கள் ஊரிலேயே ஃபோர்டு கம்பெனி 2002-ல் எக்ஸ்ஆர்6 டர்போ கொண்டுவந்தது. 240 கிலோவாட். 450 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்கு விசை, 2000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். டர்போ இல்லாத உன் வண்டிக்கு 182-ம் 380-ம். அவர் கேட்கிற இழுவை உன் பக்கம்தான் இருக்கிறது என்று அவரிடம் மெதுவாகச் சொல்.

சரி, டர்போ என்று முடிவானதும் கிட் வாங்கி மாட்டிவிடாதே. இதுதான் எனக்குப் பயம். டீசலுக்குக் காற்று கூடினால் அது சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். பெட்ரோல் அப்படி இல்லை, அழுத்தம் கூடினால் தானாகப் பற்றிக்கொண்டு நாக்கிங் வரும், பிஸ்டன் உடையும். கம்பெனிக்காரர்கள் டர்போ வண்டிக்கு கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதை, 8.7-க்கு இறக்கினார்கள். உன் எஞ்சின் 9.7. பிஸ்டனே வேறு. என்னைக் கேட்டால் இந்த வண்டியை விற்றுவிட்டு, கம்பெனியிலிருந்தே டர்போவோடு வந்த ஃபால்கன் ஒன்றை வாங்கு. கிட், இன்ஜெக்டர், டியூனிங், கிளட்ச் என்று போகிற காசை அதற்குப் போடலாம். விக்டோரியாவில் இப்படி மாற்றினால், மாற்றியது சரிதான் என்று பரிசோதித்துத் தருகிற வாஸ் சான்றிதழ் வேறு வாங்க வேண்டும், இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்ல வேண்டும்.

டர்போ வண்டி பார்க்கப் போனால் காற்று ஹோஸைக் கழற்றச் சொல். சக்கரத்தின் நட்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டு. மேலும் கீழும் மயிரிழை ஆட்டம் இருக்கலாம். இறக்கை சுவரில் உரசினாலோ, முன்னும் பின்னும் கையில் தெரிகிற அளவு ஆடினாலோ வேண்டாம். தொப்பூர் கணவாய் ஏறி வந்த டிரைவர் ஒருவர், மேலே டீக்கடையில் நிறுத்தினதும் எஞ்சினை அணைத்துவிடுவார். வருஷக்கணக்கில் அதே பழக்கம். அந்த டர்போவைப் பிரித்தபோது, ஓட்டம் நின்று சூட்டிலேயே தங்கிப்போன ஆயில் உள்ளே கருகி, ஷாஃப்ட்டில் அடுப்புக்கரி மாதிரி ஒட்டியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினேன். காரில் டர்போவுக்குத் தண்ணீரும் ஓடும் என்றாலும், விரட்டி ஓட்டி வந்தால் ஒரு நிமிஷம் ஐட்லிங்கில் விடு. ஆயில் மாற்றுகிற தேதியைத் தள்ளிப்போடாதே.

விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன் உன் எஞ்சினை சூடாக்கி, பிளக்கெல்லாம் கழற்றி, ஆறு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்க்கச் சொல். கேஜில் வருகிற ஆறு எண்ணையும் ஒன்றிலிருந்து ஆறு வரை வரிசையாக எழுதி அனுப்பு. பார்த்துவிட்டு ராத்திரி போன் செய்கிறேன்.

அன்புடன்,
அப்பா