மரத்துக்கு ஒரு ஆபீஸ், மீனுக்கு ஒரு ஆபீஸ், கரடிக்கு எந்த ஆபீஸ்?

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசுக்கும், கனடா ஃபெடரல் மீன்வளத்துறைக்கும்,

வணக்கம். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே லெட்டரா எழுதுறேன். தனித்தனியா எழுதினா ஒருத்தர் இன்னொருத்தரைக் கை காட்டிட்டு போயிடுவீங்க.

போன வருசம் மே கடைசியில பிரின்ஸ் ரூபர்ட்ல இருந்து போட்ல கூட்ஸிமட்டீன் போனேன். 1994ல கிரிஸ்லி கரடிக்குன்னே ஒதுக்கின இடம், ரோடே கிடையாது, கரையில கால் வைக்கவும் விடமாட்டாங்க. கழிமுகத்துல ஒரு தாய்க்கரடி ரெண்டு குட்டியோட கோரைப்புல்லை மாடு மேயுற மாதிரி மேய்ஞ்சிட்டு இருந்துச்சு, நாங்க இருக்கோம்னு தெரிஞ்சும் தலையைக்கூட தூக்கல. சத்தியமா கரடி புல்லு திங்கும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

மீன் வர்ற வரைக்கும்தான் அந்தப் புல்லு. கோடை முடியுறப்ப சால்மன் மீன் கடல்ல இருந்து ஆத்துல ஏற ஆரம்பிச்சதும் கரடி அதைப் புடிச்சு காட்டுக்குள்ள இழுத்துட்டு போய், முட்டை மூளைன்னு கொழுப்பான பாகத்தை மட்டும் தின்னுட்டு மிச்சத்தைப் போட்டுடும், அந்த மிச்சம்தான் மரத்துக்கு உரம், கடல்ல இருந்து வந்த நைட்ரஜனை ஆத்தோர மரங்கள்லயே அளந்து காட்டியிருக்காங்க. அப்ப மீன் இல்லாம கரடி இல்ல, கரடி இல்லாம மரத்துக்கு அந்த உரம் இல்ல, ஆத்தோரம் மரம் இல்லாம வெயில்ல தண்ணி சூடானா மீனும் தங்காது. ஆனா மரம் மாகாணத் தலைநகர் விக்டோரியாவுல ஒரு ஃபைல், மீன் நாட்டுத் தலைநகர் ஒட்டாவாவுல ஒரு ஃபைல்!

நீங்க ஒண்ணுமே செய்யலன்னு சொல்ல வரல. 2016 ஒப்பந்தத்துல, இந்த மாகாணக் கரையோரம் இருக்கிற கிரேட் பேர் மழைக்காட்டுல 85 சதவீதம் காடு கம்பெனிகள் வெட்டக்கூடாதுன்னு ஆச்சு, பெரிய விஷயம்தான். 2017 டிசம்பர்ல கிரிஸ்லி வேட்டையையும் நிறுத்தினீங்க (கரையோர பழங்குடிகள் 2012லயே எங்க மண்ணுல வேணாம்னு சொல்லிட்டாங்க, நீங்க அஞ்சு வருசம் லேட்). ஆனா அதே 2017ல மாகாண ஆடிட்டர் ஜெனரல் ரிப்போர்ட் என்ன சொல்லுச்சு? கிரிஸ்லிக்கு பெரிய ஆபத்து வேட்டை இல்ல, வாழ்ற இடம் கெட்டுப்போறதுதான்னு. மாகாணம் முழுக்க 6 லட்சம் கிலோமீட்டர் காட்டு ரோடுன்னும் அதுலயே இருக்கு. ரோடு போட்டா லாரி மட்டுமா வரும், ஆள் வரும், துப்பாக்கி வரும், குப்பை வரும். பெருசா வளர்ந்த சீடர் மரம் நிக்கிறதும் பள்ளத்தாக்கு அடியில, கரடி நடக்குறதும் அங்க, ரோடு போட ஈஸியான இடமும் அதுதான். மூணு வருசத்துக்கு ஒரு தடவை குட்டி போடுற பிராணி இதையெல்லாம் எப்படி ஈடு கட்டும்?

அதே கரையோரத்துல இருக்கிற ரிவர்ஸ் இன்லெட் ஞாபகம் இருக்கா? 1999ல அங்க சாக்கைங்கிற சால்மன் வகையோட வரத்து சுத்தமா விழுந்துச்சு, பட்டினியில கரடிங்க ஒவீக்கினோங்கிற பழங்குடி ஊருக்குள்ளயே வந்துடுச்சு, பலதைச் சுட வேண்டியதாப் போச்சு. அங்க காட்டை மட்டும் காப்பாத்தி என்ன பிரயோஜனம், பந்தி போட்டு இலையை விரிச்சுட்டு சோத்தை எடுத்துட்ட மாதிரி. பிறகு அந்த ஊர் ஜனங்களே ஆராய்ச்சிக்காரங்களோட உக்காந்து, நாம எவ்வளவு புடிச்சா கரடிக்கு எவ்வளவு மிஞ்சும்னு கணக்கு போட்டாங்க. தன் சாப்பாட்டுல இருந்து எடுத்து வைக்கிற கணக்கு அது.

இன்னொண்ணு, இதைப் படிச்சப்ப எனக்குப் புல்லரிச்சிடுச்சு. 2021ல வந்த ஒரு ஆய்வுல அந்தக் கரையோர கிரிஸ்லிங்க மரபணுப்படி மூணு கூட்டமா பிரியுதாம், அந்தப் பிரிவு அங்கத்து பழங்குடி மொழிக் குடும்பங்களோட எல்லையோட பொருந்துதாம். நடுவுல மலை தடுத்துச்சு கடல் தடுத்துச்சுன்னும் சொல்ல முடியல, ஒரே ஆறு ஒரே மீன்னு மனுசனும் கரடியும் ஒட்டியே வாழ்ந்திருக்காங்க போல.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு ஆத்துக்கும் மீன்பிடி அளவு அறிவிக்கிறப்ப கரடி பங்கு எவ்வளவுன்னும் அதே பேப்பர்ல எழுதுங்க. மரம் வெட்டப் போட்டு வேலை முடிஞ்ச ரோட்டை கேட் போட்டு பூட்டினா பத்தாது, பெயர்த்து எடுத்து மரம் நடுங்க. அப்புறம் வருசத்துல ஒரு நாளாவது ரெண்டு ஆபீஸும் ஒரே ரூம்ல உக்காருங்க, ஒவீக்கினோ ஆளுங்களையும் கூப்பிடுங்க, கரடிக்கு மீன் ஒதுக்குற கணக்கை அவங்க ஏற்கனவே போட்டு வச்சிருக்காங்க.

இப்படிக்கு,
அந்த போட்ல உக்காந்து பார்த்த ஒருத்தன்