ரசீது ஒரு பெயரில், பணம் 27 பேருடையது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருப் பெண்களும் சில பெரியவர்களுமாக 27 பேர் சேர்ந்து காசி, கயா போய்வர முடிவு செய்தோம். ஆளுக்கு 18,500 ரூபாய். அவ்வளவையும் ஒரே தடவையில் கொடுக்க யாரிடம் இருக்கிறது? சீட்டுக் கட்டுவதுபோல மாதம் ஆயிரமாகச் சேர்த்தோம். தேயிலைக் கணக்கு முடிகிற நாளில் கடைக்கு வந்து கொடுப்பார்கள், நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். எட்டு மாதத்தில் தலைக்கு 8,000 சேர்ந்தது. மொத்தம் 2,16,000 ரூபாயை கோவையில் உள்ள ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் முன்பணமாகக் கட்டினோம். ரசீது என் பெயரில்.

கிளம்புவதற்கு 12 நாள் இருக்கும்போது போன் வந்தது. மற்ற ஊர்களில் போதிய ஆள் சேரவில்லையாம், பயணம் ரத்து. பணத்தைக் கேட்டேன். "காசு எங்கேயும் போகாது மேடம், அடுத்த வருஷம் இதே தொகையில கூட்டிட்டுப் போறோம்" என்றார்கள். ரசீதின் அடியில் ரப்பர் ஸ்டாம்பில் 'முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று குத்தியிருந்ததை அன்றுதான் நிதானமாகப் படித்தேன். ஊதா மை பாதி அழிந்திருந்தது.

அதற்குப் பிறகு என் கடைக்கு வருகிறவர்கள் ரவிக்கை அளவுக்கு முன்னால் கேட்டது, "அக்கா, எங்க காசு என்னாச்சு?" என்பதைத்தான். அவர்கள் கேட்டது நியாயம். அவர்கள் கம்பெனியைப் பார்த்ததில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி, கணவருக்குக் கயாவில் பிண்டம் போட வேண்டும் என்று பென்ஷனில் மிச்சம் பிடித்துக் கொடுத்தவர். முழங்கால் இப்போதே தாங்கவில்லை. அவரிடம் போய் "அடுத்த வருஷம்" என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாம் வரவில்லை என்று நாமே ரத்து செய்தால், அவர்களுக்கு ஆன செலவைக் கழித்துக்கொள்வது சரி. அங்கேயும் இஷ்டத்துக்குக் கழிக்க முடியாது. நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க முடியாது என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. ஆனால் எங்கள் விஷயத்தில் ரத்து செய்தது அவர்கள். ஹோட்டலுக்குக் கட்டியது போய்விட்டது என்றார்கள். பில்லைக் காட்டுங்கள் என்றேன். இன்றுவரை காட்டவில்லை.

நம் மலை ரயிலையே எடுத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் ரயிலை ரத்து செய்கிறார்கள். மண் சரிவுக்கு ரயில்வே பொறுப்பில்லை, ஆனாலும் முழுக் கட்டணமும் திரும்பி வருகிறது. ஆன்லைனில் எடுத்த டிக்கெட் என்றால் கேட்காமலே வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். ஆள் சேரவில்லை என்று தானே நிறுத்துகிற ஒருவர் மட்டும் ஏன் பணத்தை வைத்துக்கொள்ள வேண்டும்?

விசாரித்தபோதுதான் தெரிந்தது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எங்கள் பக்கம் நிற்கிறது. பணம் கட்டியவர் மட்டும் நுகர்வோர் இல்லை, அவருடைய சம்மதத்தோடு அந்தச் சேவையைப் பெறுகிறவரும் நுகர்வோர்தான். ரசீதில் என் பெயர் மட்டும் இருந்தாலும் 27 பேருக்கும் உரிமை உண்டு. ஒரே குறை உள்ளவர்கள், இந்தப் புகார்களை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே புகாராகவும் கொடுக்கலாம். கம்பெனி கோவையில் இருக்கிறதே, அங்கே அலைய வேண்டுமோ என்று பயந்தோம். தேவையில்லை. புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், எங்களுக்கு உதகை. கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமே இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ரப்பர் ஸ்டாம்பு விஷயம் கொஞ்சம் சிக்கல். நிபந்தனையே ஒருதலைப்பட்சமானது, அதைச் செல்லாததாக்க வேண்டும் என்று கேட்பதானால் சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். சேவைக் குறைபாடு, பணத்தைக் கொடு என்று கேட்க மாவட்ட ஆணையமே போதும். நாங்கள் இரண்டாவது வழியில் போகிறோம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொன்னோம். தமிழிலேயே பேசினார்கள். அப்புறம் 27 பேரும் கையெழுத்துப் போட்டு, 30 நாள் கெடு வைத்து ஒப்புகையுடன் தபால் அனுப்பினோம். பாட்டி கைரேகை வைத்தார். அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கத்துக் குரல் மாறியது. பாதிப் பணத்தைத் தருவதாக இப்போது சொல்கிறார்கள். நாங்கள் சம்மதிக்கவில்லை.

இதை எழுதும்போது நம் மலையையும் நினைக்கிறேன். இங்கே காட்டேஜ் நடத்துகிற சிலரும் இதையேதான் செய்கிறார்கள். சிவப்பு எச்சரிக்கை கொடுத்து சுற்றுலா இடங்களை மூடுகிறார்கள், இல்லை மண் விழுந்து ரோடு அடைபடுகிறது. மதுரையிலிருந்தோ சேலத்திலிருந்தோ குடும்பத்தோடு வர இருந்தவர் முன்பணத்தைக் கேட்டால், 'நோ ரீஃபண்ட்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போகிறது. எனக்குத் தெரிந்தவர்களே அப்படி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களிடமும் இப்போது நான் சண்டை போடுகிறேன்.

உங்கள் பத்திரிகையில் ஆன்மிகச் சுற்றுலா விளம்பரங்கள் நிறைய வருகின்றன. கட்டணம், கிளம்பும் தேதி, மூன்று வேளை சைவச் சாப்பாடு எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கின்றன. ஏற்பாட்டாளரே ரத்து செய்தால் எத்தனை நாளில் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்ற ஒரு வரியையும் அதே அளவு எழுத்தில் போடச் சொல்லி விளம்பரம் கொடுப்பவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.