பலகையில் இன்னும் இரண்டு வரி வேண்டும்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். ஸ்காட்லாந்தின் ப்ரோரா கடற்கரையில் நீங்கள் வைக்கப்போகும் தகவல் பலகையின் வரைவைப் படித்தேன். 1598-இல் அங்கே நிலக்கரிச் சுரங்கமும் உப்புக் கொட்டகையும் தொடங்கிய சதர்லாந்து சீமாட்டி ஜீன் கோர்டனின் பெயர் இருக்கிறது. அவருடைய முதல் கணவர் அவரை விட்டுவிட்டு ஸ்காட்லாந்தின் மேரி ராணியை மணந்த கதைக்கு மூன்று வரி இருக்கிறது. உப்புக் காய்ச்சியவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிப்ரவரியிலேயே எழுதிக் கேட்டேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்றீர்கள். ஆங்கிலத்தில் அனுப்பிய அதே மடலை, நம்மவர்களும் படிக்கட்டும் என்று இங்கே தமிழில் வைக்கிறேன்.

உப்பு விளையும் என்போம். அந்தக் குளிரில் எங்கே விளைய? இரும்புத் தொட்டியில் கடல்நீரை நிரப்பி, கீழே கரியை எரித்துக் காய்ச்சித்தான் எடுத்தார்கள். 100 லிட்டருக்குச் சுமார் 3 கிலோதான் தேறும். இரவும் பகலும் அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். புயலில் மணல்மேடு சரிந்த மறுநாள் போய்ப் பாருங்கள். சாம்பல் அடுக்கு கறுப்புக் கோடாகத் தெரியும். தொட்டால் விரல் கறுக்கும்.

அந்த ஆளை அடுப்போடு கட்டிப்போட்டது 1606-ஆம் ஆண்டுச் சட்டம். முதலாளியின் சான்றில்லாமல் சுரங்கத்தாரையோ உப்புக் காய்ச்சுவோரையோ வேறு யாரும் வேலைக்கு வைக்கக் கூடாது. சொல்லாமல் போனவன் திருடன். தன்னையே திருடிக்கொண்டு போனவன். 1701-இல் காரணமின்றிச் சிறைவைப்பதற்கு எதிராகச் சட்டம் வந்தபோதும் இவர்களை மட்டும் விலக்கி வைத்தார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும் அன்றே முதலாளி பெற்றோர் கையில் கொஞ்சம் காசு வைப்பார். வாங்கினால் அந்தக் குழந்தையும் அவருக்குக் கட்டுப்பட்டது. தொட்டில் பிள்ளைக்கு அச்சாரம்! 1775-இல் கட்டைக் கொஞ்சம் தளர்த்தினார்கள், முழுதாக அவிழ்த்தது 1799-இல்தான்.

இதை எழுத இரண்டு வரி போதும். இடமில்லை என்றால் ராணி கதையை எடுத்துவிடுங்கள்.

எந்தக் கோட்டைக்குப் போனாலும் பிரபுவின் பெயரும் அவர் மணந்த பெண்ணின் பெயரும்தான் எழுதியிருக்கிறது. கல் சுமந்தவன், கரி சுமந்தவள் எங்கும் இல்லை. எத்தனை நாளைக்குத்தான் இப்படி?

சரி, கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: பலகை அச்சுக்குப் போகுமுன் 1606, 1799 இரண்டையும், அந்த மக்கள் அடிமைகளாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள். சேர்ப்பீர்களா என்று இந்த மாத இறுதிக்குள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பணிவுடன்,
அந்தக் கரையில் தினமும் நடக்கும் ஒருவன்