மட்டக்களப்புப் புளியந்தீவில் உள்ள எங்கள் வீட்டைக் காத்துத் தந்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள அயலவர்களுக்கும் உறவுகளுக்கும் வேலைக்கு வந்தவர்களுக்கும்,

பெத்தாவின் (அம்மாவின் அம்மா) வீடு இந்த மாரிக்கு ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. இதை முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார். அதனால் இந்த மடல்.

பெத்தாவுக்கு இந்த வீட்டை அவருடைய தாய் சீதனமாகக் கொடுத்தார். பெத்தா அம்மாவுக்குக் கொடுத்தார், அம்மா எனக்குத் தந்திருக்கிறார். தாய்வழியில் சொத்தைக் கொடுத்த மட்டக்களப்பின் பழைய முக்குவர் சட்டம் 1876இலேயே போய்விட்டது. மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் மட்டும் எங்கள் கரையில் போகவில்லை. வந்து பார்த்த ஒப்பந்தகாரர்கள் எல்லோரும் “இடித்துவிட்டு மாடி கட்டுங்கள்” என்றபோது அம்மாவுக்குத் தலையாட்ட மனம் வராததற்கு அதுதான் காரணம்.

மேசன் ஐயா, முதல் நன்றி உங்களுக்கு. சுவரைத் தட்டிப் பார்த்து, “சுவரில பிழையில்ல பிள்ள, பூச்சிலதான் பிழை” என்றீர்கள். முருகைக்கல்லும் (கடலின் பவளப்பாறைக் கல்) சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் முன்னொரு காலத்தில் சீமெந்து பூசியிருந்தார்கள். நிலத்து ஈரமும் உப்பும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, பூச்சு கொப்புளித்து, சாந்து மாவாய்க் கொட்டியது. நீங்கள் அந்தச் சீமெந்தை உளியால் மெல்ல மெல்லக் கொத்தி எடுத்தீர்கள். சுண்ணாம்பை நீற்றிக் குழியில் தண்ணீருக்குக் கீழே கிடக்கவிட்டு, வெண்ணெய்ப் பதம் வந்த பிறகுதான் கரண்டியைத் தொட்டீர்கள். கடல் மணலை வளவுக்குள் வரவே விடவில்லை. முருகைக்கல் எடுப்பது இப்போது தடை என்பதால், எங்கள் இடிந்த மதிலில் கிடந்த கற்களையே பொறுக்கி ஓட்டைகளை அடைத்தீர்கள். புதுக்கல் ஒன்றுகூட வாங்கவில்லை!

ஓடாவியார் அண்ணன் தலைவாசல் நிலையைக் கழற்றவே இல்லை. உக்கிப்போன அடிப்பாகத்தை மட்டும் அறுத்து, பழைய கட்டிலின் முதிரைக் காலைச் செதுக்கி, மர ஆப்பு வைத்துப் பொருத்தினார். உப்புக் காற்றில் இரும்பாணி துருப்பிடித்து மரத்தையும் கெடுக்குமாம். இப்போது ஒட்டு எங்கே என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்புறம் ஓடு. 1978 நவம்பர் சூறாவளி பின்பக்கக் கூரையைக் கொண்டுபோனதில் இருந்து அங்கே தகரம்தான். அரைக்குழாய் போல வளைந்த பீலி ஓடு இந்தக் காலத்தில் எங்கே தேடுவது? காத்தான்குடியில் தங்கள் உம்மாவின் வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்த குடும்பம் கேள்விப்பட்டு, ஒரு லொறி நிறைய அனுப்பிவைத்தது. காசு கொடுக்கப் போன தம்பியிடம், “உம்மாட ஓடு உங்கட பெத்தாட வீட்டில கிடக்கட்டும்” என்றார்கள். அங்கேயும் வீடு பெண்பிள்ளைக்குத்தானே, அவர்களுக்கு எங்கள் மனம் விளங்கியிருக்கிறது. இதற்கு என்ன கைம்மாறு செய்வோம்?

அறை அறையாக அளந்து வரைபடம் போட்டுத்தந்த ஓவியம் படிக்கும் பிள்ளைகளுக்கும், தளபாடங்களைத் தங்கள் விறாந்தையில் வைத்துக்கொண்ட முன்வீட்டு மாமிக்கும், கனடாவில் இருந்து காசு அனுப்பிய மச்சாளுக்கும் நன்றி.

மட்டக்களப்பைப் பார்க்க வருபவர்களை நாம் கோட்டைக்குக் கூட்டிப் போகிறோம். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை. பார்க்க வேண்டியதுதான். ஆனால் நம் ஆட்கள் கட்டி, நம் பெண்கள் ஆண்ட வீடுகள் அதே தீவில் ஒவ்வொன்றாக விழுகின்றன. அதைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனமில்லை.

மிஞ்சிய பீலி ஓடுகளைக் கிணற்றடியில் அடுக்கி வைத்திருக்கிறோம். பழைய கூரை திருத்துபவர்கள் யாராயிருந்தாலும் வந்து எடுத்துப் போங்கள், காசு வேண்டாம். மேசன் ஐயாவும் ஓடாவியார் அண்ணனும் உங்கள் வீட்டையும் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்புடன்,
அம்மாவும் நானும்