இரவுப் பணி அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

கொல்லிமலை ஊர்க்காரர்களுக்கும், குழந்தைகள் வார்டில் உடனிருந்த தாய்மார்களுக்கும் வணக்கம்.

சர்க்கரை நோயால் ஆஸ்பத்திரியில் கிடந்த மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது திண்ணையில் தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தச் சத்தம் காதில் விழும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. வாந்திக்கு ஊசி போட்டு, வயிற்றுக் கோளாறு என்று திருப்பி அனுப்பிய இடத்தைப் பற்றியும் இன்று பேசப்போவதில்லை.

முதல் நன்றி இரவுப் பணியில் இருந்த தூய்மைப் பணியாளர் அக்காவுக்கு.

சர்க்கரை ஏறி, ரத்தத்தில் அமிலம் சேர்ந்த பிள்ளையின் தாகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மிஞ்சிய சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது உடம்பின் நீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் வாய்வழியே தண்ணீர் கொடுக்கக் கூடாது. அரைமயக்கத்தில் வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். நரம்பில் ஏற்றும் உப்புநீரையும் வேகமாக ஏற்ற முடியாது, மூளை வீங்கும் ஆபத்து உண்டு என்றார் டாக்டர். எல்லாம் சரிதான். “அம்மா, ஒரே ஒரு மடக்கு” என்று கெஞ்சுகிற பிள்ளைக்கு இதில் எதைச் சொல்லிப் புரியவைப்பது? தண்ணீர் பாட்டிலைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த அக்கா தரையைத் துடைத்துக்கொண்டே எங்கள் கட்டில்வரை வந்தார். நின்று பார்த்தார். ஒன்றும் பேசாமல் போய் சிஸ்டரிடம் ஏதோ கேட்டார். பிறகு பினாயில் வாசனை போக முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, சிஸ்டர் கொடுத்த பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, என் மகளின் உதட்டில் ஒற்றினார். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. ஆனால் அவள் அழுகை நின்றது. “விடியட்டும் கண்ணு, சிஸ்டர் சொன்னதும் வயிறு முட்டக் குடிக்கலாம்” என்றார்.

ஒரு வார்டைத் துடைத்து முடித்ததும் வருவார், கை கழுவுவார், பஞ்சை நனைப்பார், போவார். விடியும்வரை இதுதான். நான் செய்கிறேன் என்றபோது, “உன் கை நடுங்குது, நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா” என்று விரட்டினார். நோயாளியைத் தொட்டுப் பார்ப்பது அவர் வேலையே இல்லை. அதற்காக யாரும் அவருக்குக் கூடுதலாக ஒரு ரூபாய் தரப்போவதும் இல்லை. பெயர் கேட்பதற்குள் பணி முடிந்து பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். அக்கா, உங்களிடம் யாராவது இதைப் படித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன்.

மலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிள்ளை உருண்டுவிடாமல் இறக்கிய 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும், வண்டியிலேயே விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து முன்கூட்டியே தகவல் சொன்ன தம்பிக்கும், மணிக்கொரு முறை குளுக்கோமீட்டரோடு வந்து நின்ற சிஸ்டர்களுக்கும் நன்றி. 40 யூனிட் இன்சுலின் குப்பிக்குச் சிவப்பு மூடி ஊசி, 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி, மாற்றிப் போட்டால் அளவே தப்பிவிடும் என்று என் வாயாலேயே சொல்லவைத்து அனுப்பிய மருந்தாளுநருக்கு நன்றி. காற்றடித்தால் மின்சாரம் போகும் ஊர் இது. இன்சுலினைக் குளுமையாக வைக்க, பானைக்குள் பானை வைத்து நடுவில் ஈர மணல் நிரப்பித் தந்த பெரியவருக்கும் நன்றி. 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் போட்டுக்கொண்ட 14 வயதுப் பையன் லியோனார்ட் தாம்சனையும் நினைத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் என் மகளைப் போன்ற பிள்ளைகளுக்குப் பட்டினி வைத்தியம்தான்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இத்தாலியின் பார்மா பகுதியில் 1990களில் பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களின் அறைகளிலும் ஒரு சுவரொட்டி ஒட்டினார்களாம். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், படுக்கையை நனைக்கும் பழக்கம் விட்டுப்போன பிள்ளை மறுபடி நனைப்பது. இவற்றைக் கண்டால் உடனே சர்க்கரை பாருங்கள் என்பதுதான் செய்தி. அதற்குப் பிறகு அங்கே அமிலம் ஏறி, மயங்கிய நிலையில் வரும் பிள்ளைகள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். ஒரு சுவரொட்டியால்!

நம் ஊரிலும் அதை எழுதாமல் விடப்போவதில்லை. சத்துணவுக் கூடத்தின் வெளிச்சுவரைத் தருவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். வெள்ளையடிப்பது என் வீட்டுக்காரர் பொறுப்பு. எங்கள் வீட்டில் யாருக்கும் எழுத்து அழகாக வராது. போர்டு எழுதத் தெரிந்தவர் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே வந்தால், பெயிண்டும் மதியச் சாப்பாடும் எங்களுடையது.