குடல் ஆறினால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வயிற்றுப் புண்ணுக்கு மன அழுத்தமும் காரமும்தான் காரணம் என்று வெகுகாலம் நம்பினோம். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் காட்டி அந்த நம்பிக்கையை மாற்றிய பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று பெரும்பாலோருக்கு இரண்டு வார மாத்திரைகளிலேயே அந்தக் கிருமி ஒழிகிறது.

கிரோன் நோய் போன்ற நீண்டநாள் குடல் அழற்சி அவ்வளவு சுலபமாக விடுவதில்லை. எண்டோஸ்கோபியில் புண் ஆறியதாகத் தெரிந்த பிறகும் பலருக்குச் சோர்வு தீர்வதில்லை. கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வெளியே கிளம்பவே பயம். புது மருந்தைச் சோதிப்பவர்கள் இதையும் கேட்டுப் பதிய வேண்டும். ஆய்வைத் திட்டமிடும்போதே நோயாளிகளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அப்புறம், முடிவுகளை அவர்களுக்கும் புரியும்படி சொல்லுங்கள். ரத்தமும் திசுவும் கொடுத்தவர்கள் அவர்கள்தானே!

- ஒரு வாசகர்