அப்பத்தா பெட்டியில் இருந்த காசுகள்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த பழைய காசுகளை என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். அத்தை புளி போட்டு விளக்கச் சொல்கிறார். சின்ன மாமா யூடியூபைப் பார்த்துவிட்டு லட்சக்கணக்கில் போகும் என்கிறார். நீ எடைக்குப் போட்டுவிடலாமா என்கிறாய். மூன்றுமே இப்போதைக்கு வேண்டாம். முதலில் எல்லாவற்றையும் எழுதி வை. அப்புறம் யார் யாருக்கு எது என்று பிரிக்கலாம்.

புளியை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். தேய்ந்த செப்புக்காசில் எழுத்து நூலிழை உயரத்துக்குத்தான் மிஞ்சியிருக்கும். பள்ளத்தில் படிந்த கருப்பால்தான் அது கண்ணுக்கே தெரிகிறது. புளி அந்தக் கருப்பையும் மேல்தோலையும் சேர்த்து அரித்துவிடும். பிறகு பளபளக்கிற வெறும் தகடுதான் மிஞ்சும். மண் ஒட்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடு. எதிலாவது வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அதைத் தனியாக, ஈரம் படாமல் வை. செம்பை உள்ளே அரித்துக்கொண்டே போகும் நோய் அது.

லட்சங்கள் வராது. விக்டோரியா ரூபாயில் 1862 என்று பார்த்ததும் மாமா துள்ளியிருப்பார். அந்த ஆண்டு எண்ணை மாற்றாமலே 1874 வரை அச்சடித்தார்கள், அதனால் அது சாதாரணமாகக் கிடைக்கிற காசு. பழைய காசை வாங்கிக்கொள்கிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று யாராவது போன் செய்தால் துண்டித்துவிடு. இப்படித் தன் பெயரைச் சொல்லிப் பணம் பறிப்பதாக ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

வெள்ளி ரூபாய்கள் மட்டும் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் உலோக விலை பெறும். 1939 வரையிலான ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் வந்ததில் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாய் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். காசில் உள்ள ஆண்டையும் ஒரு காந்தத்தையும் வைத்து நீயே பிரித்துவிடலாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. காசு தேய்ந்திருப்பதை எல்லோரும் குறையாகத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அந்தத் தேய்மானம்தான் பெரிது. ஒரு குவியலில் எது வழவழப்பாக இருக்கிறது, எது கூர்மையாக இருக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அது எப்போது, எப்படிச் சேர்ந்தது என்று தெரியும். விக்டோரியா காலணா முகமே தெரியாமல் போயிருந்தால் பல பத்தாண்டுகள் சந்தையில் கைமாறியிருக்கிறது. 1943 முதல் போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டில் வந்த ஓட்டைக் காலணா புதிதுபோல இருந்தால், வந்த வேகத்தில் பெட்டிக்குள் போயிருக்கிறது. குவியலில் கடைசி ஆண்டு எது என்று தேடு. அந்த ஆண்டு வரையாவது அப்பத்தா காசு போட்டுக்கொண்டிருந்தார் என்று அர்த்தம். 1957 ஏப்ரலில் அணாவுக்குப் பதிலாக வந்த நயா பைசா ஒன்றுகூட இல்லையென்றால், அணாக் கணக்கு முடிவதற்கு முன்பே சேர்ப்பதை நிறுத்தியிருக்கலாம். நாலு பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால் இதில் எதையும் யாராலும் சொல்ல முடியாது.

நீ அனுப்பிய படத்தில் ஒரு பக்கம் கேடயமும் சிங்கங்களும், மறுபக்கம் பாரசீக எழுத்துமாக ஒன்று இருக்கிறதே, அது கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அச்சடித்த காசு போலத் தெரிகிறது. 1808 என்று படிக்க முடிகிறதா பார். அந்த ஆண்டுக் காசுகளை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு அப்பால் மூழ்கியது. 1980களில் லட்சக்கணக்கில் வெளியே எடுத்து விற்றார்கள். அவை ஒரு நாள்கூட நம் ஊர்ச் சந்தையைப் பார்க்காதவை. உன் கையில் இருப்பது வந்து சேர்ந்து, உப்புக்கும் எண்ணெய்க்கும் கொடுபட்டுத் தேய்ந்தது. எனக்கு இதுதான் உசத்தி.

எழுதுவது எப்படி? ஒவ்வொரு காசுக்கும் ஒரு காகிதக் கவர், அதன்மேல் ஒரு எண். பிளாஸ்டிக் உறை வேண்டாம், மலிவான பிவிசி நாளாவட்டத்தில் பிசுபிசுத்துக் காசைக் கெடுக்கும். நோட்டில் எடை, குறுக்களவு, படிக்க முடிந்த எழுத்து. படிக்க முடியாததை இருட்டறையில் வைத்து, போன் டார்ச்சைக் காசின் விளிம்பு மட்டத்தில் சாய்த்துப் படம் எடு. கண்ணுக்குத் தெரியாத தலையும் எழுத்தும் நிழலில் எழும்பி வரும்.

நின்ற மனிதர் ஒரு பக்கம், உட்கார்ந்தவர் மறுபக்கம் இருக்கும் செப்புக்காசு ஏதாவது தென்பட்டால் எனக்கு உடனே சொல். ராஜராஜன் காசாக இருக்கலாம். அது அரிதல்ல, ஆனால் வயலில் எடுத்ததா என்று அப்பாவிடம் கேட்க வேண்டும். மண்ணில் புதைந்து கிடைப்பதைக் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878லிருந்தே சட்டம் இருக்கிறது. துபாய் அண்ணன் ஒரு கைப்பிடி கேட்டாராமே? நூறு வயது தாண்டிய காசை நாமாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, 1972 சட்டம். அவருக்கு நாற்பதுகளின் காலணாக்களைக் கொடுத்துவிடு.

எழுதி முடித்ததும், ஒரே மாதிரி நிறைய இருப்பதில் ஆளுக்கொன்று பிரித்துக்கொள்ளட்டும். அத்தைக்கு நல்ல வெள்ளி ரூபாயாக ஒன்று. மீதியைக் குவியலாகவே நோட்டோடு சேர்த்து வை. விற்றே ஆக வேண்டிய நிலை வந்தால், இரட்டிப்பாக உள்ள வெள்ளியை மட்டும், அன்றைய வெள்ளி விலையைப் பார்த்துவிட்டு விற்கலாம்.

நோட்டின் முதல் பக்கத்தை எழுதியதும் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா